பேர் வெட்டியும் போகாத கோப்பு

அட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து நிறையைப் பதியும் லினக்ஸ் கணினியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கடந்த வாரம் வட்டு நிரம்பிவிட்டதென்று அது முரண்டு பிடிக்க, 40 ஜிகாபைட்டுக்கு ஊதிப்போயிருந்த, நிறுவை நிரல் தன் நடப்புகளை எழுதிவைக்கும் பதிவுக் கோப்பை (லாக்) அழித்தேன். அழித்த பின்னும், வட்டில் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் ‘டிஎஃப்’ கட்டளை 100 சதவீதம் என்றே சாதித்தது, கோப்பகங்களில் உள்ள கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளையோ அப்படியொரு கோப்பே இல்லையென்று 40 ஜிகாபைட் குறைத்துக் கூட்டியது.

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் அழிப்பதென்பது கோப்பகத்திலிருந்து பெயரை எடுப்பது மட்டுமே என்பதும், ஏதாவது ஒரு நிரல் அக்கோப்பைத் திறந்து வைத்திருக்கும்வரை அதன் ஐநோடும் (கோப்பின் விவரங்களை வைத்திருக்கும் உள்குறிப்பு) தரவும் வட்டில் அப்படியே கிடக்கும் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் பேரை வெட்டிய பிறகும் மலையில் நின்று கொழுந்தெடுக்கும் ஆளைப் போல, நிறுவை நிரல் அந்தப் பெயரற்ற கோப்பில் வரிவரியாக எழுதிக்கொண்டே இருந்தது. என் கோபம் நிரல்மீதுதான்: கோப்பைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கையான இணைப்பு எண்ணிக்கை பூச்சியமாகிவிட்டதா என்று, திறந்த கோப்பின் விவரம் தரும் ‘எஃப்ஸ்டாட்’ அழைப்பின் மூலம் இடையிடையே கேட்டறிந்து, புதிய கோப்பைத் திறந்துகொள்ள அதற்கு என்ன கேடு? விண்டோஸ் பெரும்பாலும் ‘வேறொரு நிரலில் திறந்திருக்கிறது’ என்று அழிக்கவே விடாது; அது இன்னொரு தலைவலி, ஆனாலும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது.

திறந்திருக்கும் கோப்புகளைக் காட்டும் ‘எல்எஸ்ஓஎஃப்’ கட்டளையின் பட்டியலில் ‘டிலீட்டட்’ (அழிக்கப்பட்டது) என்ற குறிப்போடு அந்தக் கோப்பு அகப்பட்டது. முதலிலேயே, கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் வெட்டும் ‘ட்ரங்கேட்’ கட்டளையால் சுருக்கியிருக்கலாம். பின்னேரக் கொழுந்து லொறி வாசலில் உறுமிக்கொண்டு நிற்க, நனைந்த சாக்குகளை இறக்கவிடாமல் நிரலை நிறுத்தித் தொடங்கினேன். மறுநொடியே 40 ஜிகாபைட்டும் விடுபட்டது.