நடுநிலை என்று நாம் நம்பும் ஊடகம்

ஊடகங்கள் பக்கச்சார்போடு நடந்துகொள்கின்றன என்று எல்லாத் தரப்பினரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் குறை பெரும்பாலும் அடுத்தவர் பார்க்கும் தொலைக்காட்சியைப் பற்றியதாகவும் அடுத்தவர் படிக்கும் நாளிதழைப் பற்றியதாகவுமே இருக்கிறது. தாம் பார்ப்பதைப் பற்றிக் கேட்டால், அது மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்கிறது என்பார்கள். அந்தப் பதிலைத்தான் நான் ஐயத்தோடு பார்க்கிறேன். ஒரு செய்தி நிறுவனம் நம் மனத்தை எந்த அளவுக்கு வளைத்திருக்கிறது என்பதை அது சொன்ன பொய்களை எண்ணிப் பார்த்துக் கண்டுபிடித்துவிட முடியாது. அது நமக்கு நடுநிலையானதாகத் தெரிகிறதே, அந்தத் தோற்றத்தில்தான் அதன் செல்வாக்கின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம்.

1982ஆம் ஆண்டு லெபனான் தலைநகர் பெய்ரூட்டின் சப்ரா, ஷட்டீலா என்ற பாலஸ்தீன அகதிகள் பகுதிகளில் நடந்த படுகொலை குறித்து அமெரிக்கத் தொலைக்காட்சிகள் ஒளிபரப்பிய செய்திகளை, வலோன், ராஸ், லெப்பர் என்ற மூன்று ஆய்வாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேலை ஆதரித்த மாணவர்கள், செய்தி இஸ்ரேலுக்கு எதிராகத் திரிக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். அரபுத் தரப்பை ஆதரித்தவர்கள், அதே செய்தி இஸ்ரேலுக்குச் சாதகமாக இருப்பதாகச் சொன்னார்கள். இரு தரப்பினரும் பார்த்தது ஒரே ஒளிப்பதிவைத்தான். 1985இல் வெளியான இந்த ஆய்வின் மறுபக்கம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சமநிலையான செய்தியே ஒருவருக்குப் பகையாகத் தெரியுமானால், அவருக்கு நியாயமாகத் தெரியும் செய்தி எப்படிப்பட்டதாக இருக்கும்? அவர் பக்கம் ஏற்கெனவே சாய்ந்ததாகத்தான் இருக்கும். அதைத் தேர்ந்தெடுக்கும்போது, தாம் ஒரு சார்பைத் தேர்ந்தெடுக்கிறோம் என்ற உணர்வு அவருக்குத் துளியும் இருக்காது. திரிபிலிருந்து தப்பித்துவிட்டதாகவே அவர் நினைப்பார்.

இந்தச் சாய்வு அன்றாடச் செய்தியில் எப்படி இறங்குகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு கட்சித் தலைவருக்கு எதிராக நீதிமன்றம் தீர்ப்பளிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளிதழ் அதை முதல் பக்கத்தில் தலைவரின் படத்தோடு எட்டுப் பத்திகளுக்கு வெளியிடுகிறது. இன்னொரு நாளிதழ், மேல்முறையீடு செய்யப்போவதாகத் தலைவர் அறிவித்ததைத் தலைப்பாக்கி, தீர்ப்பின் விவரத்தை உள்பக்கத்தில் மூன்றாவது பத்திக்குத் தள்ளிவிடுகிறது. இரண்டிலும் தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. உண்மை சரிபார்ப்பவர்கள் வரிக்கு வரி ஆராய்ந்தாலும் இரண்டு நாளிதழ்களும் தேறிவிடும். ஆனாலும், ஆண்டு முழுவதும் இவற்றில் ஒன்றை மட்டும் படிக்கும் இரண்டு வாசகர்கள் சந்தித்துக்கொண்டால், இருவரும் வெவ்வேறு நாட்டில் வாழ்ந்தவர்களைப் போலத்தான் பேசுவார்கள்.

தொலைக்காட்சி விவாதங்களில் இதைவிட நுட்பமான ஒரு வேலை நடக்கிறது. எதிர்த்தரப்பைக் கூப்பிடாமல் விடுவதில்லை. கூப்பிடுகிறார்கள், ஆனால் யாரைக் கூப்பிடுகிறார்கள் என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம் பக்கத்துக்கு நிதானமாகப் பேசத் தெரிந்த ஒரு பேராசிரியர் வருவார். எதிர்ப்பக்கத்துக்கு, குரலை உயர்த்துவதைத் தவிர வேறொன்றும் அறியாத ஒருவர் வருவார். நெறியாளர் இருவருக்கும் சம நேரம் கொடுப்பார். பார்ப்பவர், இருதரப்பையும் கேட்டபிறகே முடிவுக்கு வந்ததாக மனநிறைவோடு எழுந்து போவார். எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் அவர் காதுக்கு எட்டவே இல்லை என்பதை அவர் எப்படி அறிவார்? அப்பட்டமாகக் கட்சிக்கொடி பிடிக்கும் அலைவரிசையைவிட இத்தகைய நிகழ்ச்சியே ஆபத்தானது என்பேன், ஏனென்றால் முன்னதைப் பார்ப்பவருக்குத் தாம் என்ன பார்க்கிறோம் என்பதாவது தெரிந்திருக்கிறது.

இதற்கெல்லாம் சமூக வலைத்தளங்களில் யாருக்கு எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் அல்காரிதமே காரணம் என்று சொல்லிவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. அந்த நிறுவனங்களுக்குப் பரிந்து பேச எனக்கு விருப்பமில்லை. ஆயினும், 1940ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஒஹையோ மாநிலத்தின் ஈரி மாவட்டத்தில் பால் லாசர்ஸ்ஃபெல்டும் அவருடைய குழுவினரும் நடத்திய ஆய்விலேயே, மக்கள் பெரும்பாலும் தங்கள் கட்சிப் பிரசாரத்தையே நாடிச் சென்றதைக் கண்டார்கள். அன்று இருந்தவை வானொலியும் நாளிதழும்தான். இன்னொரு பக்கம், 2020 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் ஃபேஸ்புக் பயனர்கள் பலருக்கு அவர்களோடு ஒத்த கருத்துடையோரின் பதிவுகளை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்துக் காட்டியும், அவர்களுடைய அரசியல் மனப்பான்மையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என்று 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. தேடிப் போகும் பழக்கம் நம்முடையது. இயந்திரம் அதற்கு வழியை எளிதாக்கிக் கொடுக்கிறது.

அப்படியானால் எதிர்த்தரப்பையும் படித்தால் சரியாகிவிடுமா என்றால், அதுவும் அவ்வளவு சுலபமாக இல்லை. 2018இல் கிறிஸ்டோஃபர் பெய்ல் முதலானோர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ட்விட்டர் பயனர்களுக்குப் பணம் கொடுத்து, எதிர்த்தரப்புத் தலைவர்களின் பதிவுகளைப் பகிரும் ஒரு தானியங்கிக் கணக்கை ஒரு மாதம் பின்தொடர வைத்தார்கள். குடியரசுக் கட்சி ஆதரவாளர்கள் இளகவில்லை, முன்பைவிட இறுகினார்கள். எதிராளியின் முழக்கத்தைத் தினமும் கேட்பவருக்கு எரிச்சல்தான் மிஞ்சும் என்பதில் எனக்கு வியப்பில்லை.

முழக்கத்துக்குப் பதிலாகச் செய்தியையே மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் சோதித்துப் பார்த்தார்கள். 2020 செப்டம்பரில், குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்த ஃபாக்ஸ் நியூஸ் தொலைக்காட்சியை வாடிக்கையாகப் பார்ப்பவர்களில் ஒரு பகுதியினருக்கு மணிக்கு 15 டாலர் கொடுத்து, வாரத்துக்கு 7 மணி நேரம் வரை சிஎன்என் பார்க்கச் சொன்னார்கள். உண்மையிலேயே பார்த்தார்களா என்று அறிய, இடையிடையே கேள்வி கேட்டுச் சரிபார்த்தார்கள். அந்த மாதத்தில் சிஎன்என் கொரோனா பரவலுக்கு நேரத்தை வாரிக் கொடுத்தது; ஃபாக்ஸ் நியூஸ் இனப் போராட்டங்களையும் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் தீவிரத்தையும் திரும்பத் திரும்பக் காட்டியது. மாதம் முடிந்தபோது, மாற்றிப் பார்த்தவர்கள் கொரோனாவைப் பற்றியும் எதிர்க்கட்சியினரைப் பற்றியும் கொண்டிருந்த கருத்துகளில் சில நகர்ந்திருந்தன. கட்சி விசுவாசம் ஊறிப்போனவர்களிடம் வாதம் எடுபடாது என்ற பொதுவான நம்பிக்கைக்கு இது நேர் எதிரானது. அவர்களிடம் யாரும் வாதாடவில்லை. அதுவரை அவர்கள் முன் வைக்கப்படாத தகவல்கள் வைக்கப்பட்டன, அவ்வளவுதான்.

இன்னொன்றும் நடந்தது. டிரம்ப் ஏதேனும் தவறு செய்தால் ஃபாக்ஸ் நியூஸ் அதைப் பேசாமல் விட்டுவிடும் என்ற கூற்றை, மாற்றிப் பார்த்தவர்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக ஏற்றுக்கொண்டார்கள். ஊடகம் மறைத்ததை அந்த ஊடகத்துக்குள் உட்கார்ந்துகொண்டே யாராலும் கண்டுபிடிக்க முடியாது. வெளியே போய் வந்தவருக்குத்தான் அது தெரிகிறது. நீங்கள் நம்பும் ஊடகம் உங்கள் தரப்பைச் சங்கடப்படுத்திய செய்தி ஒன்றை கடைசியாக எப்போது முதல் பக்கத்தில் போட்டது என்று நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்வதைவிட, அடுத்த ஊடகத்தின் குற்றங்களை அடுக்குவதையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள்.

அந்த ஆய்வில் பணம் கொடுப்பதை நிறுத்தியதும், கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் தங்கள் பழைய பார்வைப் பழக்கத்துக்கே திரும்பினார்கள். தங்கள் அலைவரிசை சிலவற்றை மறைக்கிறது என்பதை ஒப்புக்கொண்ட பிறகும் திரும்பினார்கள். நகர்ந்திருந்த கருத்துகளும் நாளடைவில் மங்கிப்போயின.