எதற்கு ஓட வேண்டும் என்று கேட்டவருக்கு

அப்பாவின் நினைவாக ஒரு மகள் ஓடிப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டியதைப் படித்துவிட்டு, ‘நேராகப் பணம் கொடுத்தால் போதாதா?’ என்று கேட்டிருக்கிறார் ஒரு நண்பர். கொடுக்கலாம்தான், யார் கொடுக்கிறார்கள்? சும்மா கேட்டால் நழுவுகிற என் அலுவலகத்தார், அம்மாவுக்காக ஓடப்போகிறேன் என்றதும் தாங்களாகவே பத்து, இருபது பவுண்டு போட்டார்கள்.

இங்கே பிரிட்டனில் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்டும் ‘ரேஸ் ஃபார் லைஃப்’ 1994-இல் பெண்களுக்கான ஓட்டமாகத் தொடங்கியது; 2019 முதல் ஆண்களும் ஓடுகிறார்கள். யாருக்காக ஓடுகிறோம் என்று கையால் எழுதிய அட்டையை முதுகில் ஊக்கால் குத்திக்கொள்வது வழக்கம். நான் அம்மாவின் பெயரைத் தமிழில் எழுதினேன். பின்னால் வந்த ஆங்கிலேயப் பாட்டி அதை எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, இரண்டு முறை சொல்லியும் பார்த்தார். முழங்கால் வலிக்காரர்கள் தயங்க வேண்டாம். ஐந்து கிலோமீட்டரையும் நடந்தே முடிக்கலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.