பிள்ளைகளின் சைக்கிள் பாதையைக் கிலோமீட்டரில் அளக்காதீர்கள்

"அக்கா, சின்னப் பிள்ளைங்களோட சைக்கிள் ஓட்ட பெங்களூர்ல நல்ல ரூட் எது? கொஞ்சம் பார்க்கவும் அழகா இருக்கணும்." இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் போடுவதைவிட இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும். சின்னப் பிள்ளை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

இந்த ஊரில் சைக்கிள் என்று வாயெடுத்தாலே நந்தி மலை என்பார்கள். 1,478 மீட்டர் உயரம், ஊரிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர். பெரியவர்கள் குழுவாக ஞாயிறு இருட்டோடு கிளம்பி விடியும்போது மேலே நிற்பார்கள். அவர்களுக்கு அது அருமையான சவாரி, மறுக்கவில்லை. ஆனால் ஆறேழு வயதுப் பிள்ளையை அங்கே ஓட்ட விடவே கூடாது. போகிற வழி முழுக்க விமான நிலைய நெடுஞ்சாலை. மலைச்சாலையிலோ சனி ஞாயிறு என்றால் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறிக்கொண்டே இருக்கும். இறக்கத்தில் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும் பக்குவமும் அந்தச் சின்ன விரல்களில் பலமும் அந்த வயதில் இருக்காது.

என் கருத்து இதுதான். பிள்ளைகளுக்கான பாதையை எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எத்தனை இடத்தில் சாலையைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். ஒரு கடப்புகூட இல்லாத அரைக் கிலோமீட்டர், நாலு சந்திப்பு வருகிற ஐந்து கிலோமீட்டரைவிட எவ்வளவோ மேல். அந்த அரைக் கிலோமீட்டரையே பிள்ளை சலிக்காமல் பத்துச் சுற்றுச் சுற்றும். சலிப்பு வருவது நமக்குத்தான்.

ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், பேலன்ஸ் வந்துவிட்டால் பிள்ளை ரோட்டுக்குத் தயார் என்று நாம் நினைத்துவிடுகிறோம். பேலன்ஸ் நாலு வயதில்கூட வந்துவிடும். எதிரே வருகிற வண்டி எவ்வளவு வேகத்தில் வருகிறது, நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரமாகும் என்று கணக்குப் போடுகிற திறமை அதற்குப் பல வருடம் கழித்துத்தான் வரும். எட்டு வயதுப் பிள்ளைக்குக்கூட இது சரியாகப் பிடிபடாது. எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையாக இருந்தாலும் இதுதான் நிலைமை. அதனால் அந்தக் கணக்கே தேவைப்படாத பாதையை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

வண்டிகளின் வேகத்தையும் பாருங்கள். பிரிட்டனின் சாலை விதிப் புத்தகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. மணிக்கு 32 கிலோமீட்டரில் வருகிற கார், ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்த நொடியிலிருந்து முழுதாக நிற்க 12 மீட்டர் எடுக்கும். 48 கிலோமீட்டரில் 23 மீட்டர். 64 கிலோமீட்டரில் 36 மீட்டர். வேகம் இரட்டிப்பானால் நிற்கும் தூரம் மூன்று மடங்காகிறது. நம் ஊர் ரிங் ரோட்டில் அதிகாலை காலியாக இருக்கிறதே என்று பிள்ளையைக் கூட்டிப் போகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். காலியான அகலச் சாலையில்தான் வண்டிகள் பறக்கும். நெரிசலான குறுகிய தெருவில் எல்லோரும் ஊர்ந்துதான் போவார்கள்.

சரி, பாதைக்கு வருவோம்.

நாங்கள் காக்ஸ் டவுன் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஏழு வயது. எங்களுக்கு அமைந்த முதல் நல்ல பாதை ரிச்சர்ட்ஸ் டவுனில் பூங்காவை ஒட்டிய தெருக்கள். அதை ஓட்டுகிற முறையைத்தான் எல்லோருக்கும் சொல்ல ஆசைப்படுகிறேன். நம் நாட்டில் இடப்பக்கம் ஓட்டுகிறோம். அப்படியென்றால் இடப்பக்கமாகவே திரும்பித் திரும்பிச் சுற்றினால் எந்த இடத்திலும் எதிர்வண்டிகளைக் குறுக்கே கடக்க வேண்டாம். அதிலும் இடதுகைப் பக்கம் பூங்காவின் வேலியோ ஏரியின் வேலியோ இருந்தால் இன்னும் நல்லது. அந்தப் பக்கத்திலிருந்து கிளைத் தெரு வந்து சேராது. வீட்டு கேட்டைத் திறந்து பின்னாலேயே வருகிற கார் இருக்காது. கடையில் நின்றுவிட்டுச் சட்டென்று கிளம்புகிற ஆட்டோவும் குறைவு. ஒரே ஒரு விதிதான்: வேலி எப்போதும் உன் இடதுகைப் பக்கம். ஏழு வயதுப் பிள்ளை இதை நன்றாகப் பிடித்துக்கொள்ளும். (ஒருவழித் தெரு எதாவது நடுவில் வருகிறதா என்று முந்தின நாள் நீங்கள் நடந்து பார்த்துவிடுங்கள்.)

இந்தச் சுற்றிலும் ஒரு ஆபத்து இருக்கிறது. வேலியை ஒட்டி நிறுத்தியிருக்கும் கார்கள். கதவு எப்போது திறக்கும் என்று தெரியாது. அதனால் மகளுக்கு முதலில் கற்றுக்கொடுத்ததே நிற்கிற காரைப் படிப்பதுதான். ஓட்டுநர் சீட்டில் தலை தெரிகிறதா? பின்னால் சிவப்பு விளக்கு எரிகிறதா? முன்சக்கரம் சாலைப் பக்கம் திரும்பியிருக்கிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் பெடலை நிறுத்து, பெல் அடி, அம்மா என்ன சொல்கிறேன் என்று கேள். இப்போது அவளே முந்திக்கொண்டு "அம்மா, இந்தக் கார்ல ஆள் இருக்கு, சக்கரம் திரும்பியிருக்கு" என்கிறாள். காரிலிருந்து ஒரு கதவின் அகலம் தள்ளியே ஓட்டுகிறாள். அவளுக்குப் பின்னால், கொஞ்சம் வலப்பக்கமாக நான். பின்னால் வருகிற வண்டி முதலில் என்னைத்தான் பார்க்கும், என்னைச் சுற்றித்தான் அவளைத் தாண்டும். அப்பாவும் வந்தால் அவர் முன்னால், நான் பின்னால். சந்திப்பு என்றால் மூவரும் இறங்கி, தள்ளிக்கொண்டு நடந்தே கடப்போம்.

அழகு வேண்டும் என்று கேட்டீர்கள். அதை இந்த ஊர் நம் வாசலிலேயே வைத்திருக்கிறது. தை, மாசியில் ரோஸ் நிற டபேபுயா பூத்துக் கொட்டும், அப்புறம் ஊதா ஜகரண்டா, வெயில் ஏறும்போது குல்மொஹர். ஒன்று முடியும்போது இன்னொன்று பூக்க வேண்டும் என்று திட்டம் போட்டு இந்த நகரத்துக்கு மரங்களைத் தேர்ந்தெடுத்தவர் ஜெர்மானியரான க்ரும்பீகல். சைக்கிள் வேகத்தில் போகிற பிள்ளைக்குத்தான் அந்தப் பூ கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: மழை பெய்த மறுநாள் உதிர்ந்த பூவும் தூங்குமூஞ்சி மரத்தின் காயும் ரோட்டில் நசுங்கிக் கிடந்தால் டயர் வழுக்கும். அந்த இடங்களில் திருப்பத்தில் பிரேக் பிடிக்கக் கூடாது.

ஊருக்குள் இன்னும் பெரிய இடம் வேண்டுமானால் ஞாயிறு காலை கப்பன் பூங்கா. அன்று உள்ளே இருக்கும் சாலைகளில் மோட்டார் வண்டிகள் கிடையாது. 1870இல் உண்டான பூங்கா, நடுவில் சிவப்பு நிற சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபம். 1883 முதல் 1901 வரை மைசூர் திவானாக இருந்தவர் பெயரில் அமைந்தது, இப்போது அதற்குள் மாநில மைய நூலகம் இருக்கிறது. சைடு வீல் கழற்றின பிள்ளை முதல்முறை அகலமான சாலையில் ஓட்ட இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் எனக்குத் தெரியாது. ஏழு மணிக்குள் போய்விடுங்கள். எட்டரைக்கு மேல் நடப்பவர்கள், நாய்கள், பந்து விளையாடுகிறவர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிடும். அங்கே ஓட்டுகிறவர்கள் நடப்பவர்களுக்கு வழி விட வேண்டும், பிள்ளைகளுக்கும் அதைச் சொல்லிக்கொடுங்கள்.

அல்சூர் ஏரியைப் பலர் கேட்கிறீர்கள். ஏரி அழகுதான். கரையோரம் 2009இல் திறந்த திருவள்ளுவர் சிலைக்கு நம் பிள்ளைகளைக் கூட்டிப்போகவும் ஆசை வரும். ஆனால் கென்சிங்டன் சாலைப் பக்கம் போக்குவரத்து அதிகம், அங்கே பிள்ளை தனியாக ஓட்டுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போங்கள். மற்ற ஏரிகளின் நடைபாதைகள் பலவற்றில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை என்று வாசலிலேயே பலகை இருக்கும். நடக்க வருகிற பெரியவர்களை நினைத்தால் அது நியாயம்தான்.

கிராமத்துச் சாலைதான் வேண்டும் என்றால், நந்தி மலை ஏறாமல் அடிவாரத்திலேயே நின்றுவிடுங்கள். நந்தி கிராமத்தில் போகநந்தீஸ்வரர் கோயில் இருக்கிறது, ஆயிரம் வருடத்துக்கு மேல் பழையது. சைக்கிளைக் காரில் ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து நெடுஞ்சாலையைத் தொடாத உள்சாலைகளில் ஓட்டலாம். சமதளம், இருபக்கமும் திராட்சைத் தோட்டம், தலை நிமிர்ந்தால் மலை. டிராக்டர் வந்தால் இறங்கி ஓரமாக நின்றுவிடுவோம். நாய் துரத்தினாலும் அதேதான்: ஓடுகிற சக்கரத்தைத்தான் நாய் துரத்தும், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும்.

சைக்கிளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. "வளர்ற பிள்ளைதானே" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள். சட்டையில் அது சரி, சைக்கிளில் கூடாது. சீட்டில் உட்கார்ந்தால் கால் தரையில் ஊன்ற வேண்டும், விரல் பிரேக் லிவரை எட்ட வேண்டும். ஹெல்மெட் நெற்றியை மூட வேண்டும், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடைவெளி இருந்தால் போதும். அவ்வளவுதான்.

இப்போது என் மனதில் உள்ளதைச் சொல்கிறேன். பிள்ளை சைக்கிள் ஓட்ட ஒரு குடும்பம் காரில் ஐம்பது அறுபது கிலோமீட்டர் போக வேண்டியிருப்பது எனக்குப் பெரிய வருத்தம். கார் இருக்கிற வீட்டுக்காவது அந்த வழி உண்டு. பெரிய அபார்ட்மென்ட் பிள்ளைகளுக்கு உள்ளேயே ஒரு வளாகம் இருக்கிறது. ஸ்ரீராம்புரத்திலும் மர்பி டவுனிலும் ஒற்றை அறை வீட்டில் வளர்கிற நம் பிள்ளைகள் எங்கே ஓட்டுவார்கள்? அண்ணன் ஓட்டிய பழைய சைக்கிளில், டூவீலர்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போகிற சந்துக்குள்தான். இந்த ஊரில் பாதுகாப்பான பாதை யாருக்கு அதிகம் தேவையோ அவர்களிடம் அது துளியும் இல்லை.

முயற்சியே நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். 2013இல் இங்கே சைக்கிள் தினம் என்று தொடங்கி, ஞாயிறுகளில் தெருக்களை வண்டிகளுக்கு மூடிப் பிள்ளைகளுக்குத் திறந்தார்கள். 2020இல் அவுட்டர் ரிங் ரோட்டில் கம்பங்கள் நட்டுத் தனிச் சைக்கிள் பாதை பிரித்தார்கள். அதே வருடம் நவம்பரில் சர்ச் ஸ்ட்ரீட்டைச் சில மாதங்களுக்கு வார இறுதிகளில் நடப்பவர்களுக்கே கொடுத்தார்கள். எல்லாம் வந்தது, எதுவும் நிலைக்கவில்லை. ஜெயநகரில் போட்ட சைக்கிள் பாதைகளில் கார்கள் நின்றன.

கொலம்பியாவின் போகோட்டாவில் 1974இல் இதே யோசனையைத் தொடங்கினார்கள். இன்றும் ஒவ்வொரு ஞாயிறும் காலை 7 மணி முதல் மதியம் 2 மணி வரை 120 கிலோமீட்டருக்கு மேற்பட்ட சாலைகளில் வண்டிகள் ஓடுவதில்லை. அது நம்மைவிடப் பணக்கார நாட்டுத் தலைநகரம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். இதற்குக் கோடிக்கணக்கில் செலவில்லை, தடுப்புகளும் ஆட்களும் போதும். நெதர்லாந்தில் 1971இல் ஒரே வருடத்தில் 400க்கும் மேற்பட்ட பிள்ளைகள் சாலையில் இறந்தார்கள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்ட பிறகுதான் அங்கே சாலைகள் மாறின. யாரும் தானாகக் கொண்டுவந்து கொடுக்கவில்லை.

நான் கேட்பது சின்ன விஷயம். ஒவ்வொரு வார்டிலும் ஒரே ஒரு தெரு, ஞாயிறு காலை 6 முதல் 9 வரை வண்டிகளுக்கு மூட வேண்டும். பூங்காவோ பள்ளிக்கூடமோ இருக்கிற தெருவாகப் பார்க்கலாம். அந்தத் தெருவில் குடியிருப்பவர்கள் தங்கள் வண்டியை நடக்கிற வேகத்தில் எடுத்துப் போகட்டும், ஆம்புலன்சுக்குத் தடுப்பைத் திறந்துவிடலாம். பெங்களூருக்கு இப்போது ஐந்து மாநகராட்சிகள் வந்துவிட்டன. புதிதாக அமைகிற அலுவலகங்களில் முதல் சில மனுக்களில் இதுவும் ஒன்றாகப் போகட்டும். போக்குவரத்துக் காவல் நிலையத்திலும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும், தெருவை மூடுவதற்கு அவர்கள் சம்மதம் வேண்டும்.

எங்கள் பகுதிக்கு மனு எழுதத் தொடங்கியிருக்கிறேன். கன்னடத்தில் எழுதித் தர பக்கத்து வீட்டு ஆசிரியை ஒத்துக்கொண்டிருக்கிறார். காக்ஸ் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன், குக் டவுன், ஃப்ரேசர் டவுனில் இருப்பவர்கள் கையெழுத்துப் போட வாருங்கள். வேறு பகுதிக்காரர்கள் உங்கள் பக்கம் எந்தத் தெரு சரிப்படும், ஞாயிறு காலை அங்கே தண்ணீர் லாரியும் குப்பை வண்டியும் எத்தனை மணிக்கு வருகின்றன என்று கவனித்துக் கீழே எழுதுங்கள். மனுவின் நகலை உங்களுக்கும் அனுப்புகிறேன், தெருப் பெயரை மாற்றிக் கொடுத்தால் போதும்.