புஞ்சை என்று எழுதப்பட்ட சதுப்பு

சென்ற மாதம் நீலகிரியில், கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றில் ஒரு பெரியவர் தம் சிட்டா நகலை என் முன்னால் விரித்து வைத்து, "இதில் சதுப்பு என்று எங்கேயம்மா எழுதியிருக்கிறது? நீயே படித்துச் சொல்" என்றார். படித்தேன். புல எண், உட்பிரிவு, பரப்பு, தீர்வை எல்லாம் இருந்தன. நில வகை என்ற இடத்தில் 'புஞ்சை' என்றிருந்தது. நாங்கள் உட்கார்ந்திருந்த திண்ணைக்கு நேர் கீழே, இரண்டு தேயிலைச் சரிவுகளுக்கு நடுவில் கிடந்த அந்தப் 'புஞ்சை'யில் கால் வைத்தால் முழங்கால் வரை உள்ளே போகும்.

நான் உயிரியலாளர். பதினோரு ஆண்டுகளாக நீலகிரியின் சதுப்புகளில் வேலை செய்கிறேன். அதில் கடைசி எட்டு ஆண்டுகள் முழுக்கவும் பட்டா நிலத்துச் சதுப்புகளில்தான். வனத்துறை நிலத்தில் வேலை செய்யும் நண்பர்களுக்கு யானையும் அட்டையும் தொல்லை. எனக்குக் கூட்டுப் பட்டா. அறுபது சென்ட் சதுப்புக்கு அண்ணன், தம்பி, அத்தை மகன், கோவையில் வேலை பார்க்கும் பேரன் என்று ஏழு பேர் பங்காளிகளாக இருப்பார்கள். அங்கிருக்கும் தவளைகளைக் கணக்கெடுக்க மழைக்காலத்தில் நான்கு இரவுகள் போதும். அந்த ஏழு பேரையும் ஒரே திண்ணையில் உட்கார வைக்க ஓராண்டு ஆகும்.

இந்த மலையின் சதுப்பு, சமவெளிக்காரர்கள் நினைத்துக்கொள்ளும் ஏரியைப் போலவோ குளத்தைப் போலவோ இருக்காது. வண்டியில் போகிறவர் கண்ணுக்கு அது மாடு மேயும் பச்சைப் பள்ளம், அவ்வளவுதான். கோரையும் புல்லும் காசித்தும்பையும் மூடிய அந்தப் பள்ளத்தில் ஆறடி மூங்கில் கழியை ஊன்றி அழுத்தினால், களியில் கரண்டி இறங்குவதைப் போல முதல் நான்கடி சத்தமில்லாமல் இறங்கும். கழியை உருவி, நுனியில் ஒட்டி வரும் கருப்புச் சேற்றைக் கையில் எடுத்துப் பிழிந்தால் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் வடியும்; பிழிந்து முடித்த பிறகு உள்ளங்கையில் மிஞ்சுவது ஓர் எலுமிச்சை அளவு நார்தான். குளிரிலும் தேங்கிய நீரிலும் மக்க முடியாமல் அடுக்கடுக்காகப் படிந்துபோன செடிகொடிகளின் மிச்சம் அது. 1993-ஆம் ஆண்டில் ராமன் சுகுமாரும் அவருடன் சேர்ந்து உழைத்த அறிவியலாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நீலகிரியின் இந்தக் கரிச்சேற்றில் கடந்த 20,000 ஆண்டுகளின் தட்பவெப்ப மாற்றங்கள் பதிந்திருப்பதைக் காட்டியது. அந்த ஆய்வைப் படித்த நாளிலிருந்து, இப்படிப்பட்ட ஒரு பள்ளத்தில் பொக்லைன் இறங்குவதைப் பார்க்கும்போதெல்லாம், பழைய ஓலைச்சுவடிக் கட்டை அடுப்பில் வைப்பதைப் பார்ப்பது போல எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

ஆனால் அந்த வருத்தம் என்னுடையது. நிலத்துக்காரருக்கு அதனால் ஆவது ஒன்றுமில்லை. அவருக்கும் அவருடைய ஊருக்கும் புரிகிற செய்தி வேறு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் கொட்டுகிற நீரை இந்தப் பள்ளம் குடித்து வைத்துக்கொண்டு, மழையே இல்லாத பிப்ரவரியிலும் மார்ச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிய விடுகிறது. ஹட்டிகள் பலவற்றின் குடிநீர்க் கிணறு ஊருக்குக் கீழே, சதுப்பின் ஓரத்தில்தான் தோண்டப்பட்டிருக்கும். அங்கிருந்து மோட்டார் வைத்து மேட்டுத் தொட்டிக்கு ஏற்றுவார்கள். சதுப்பின் நடுவே இரண்டடி ஆழத்துக்கு வடிகால் வெட்டினால் முதல் ஆண்டில் ஒன்றும் தெரியாது. வறண்ட கரிச்சேறு சுருங்கி, காற்றுப் பட்டு மக்கி, நிலமே தாழத் தொடங்கும். அதற்குப் பிறகு எவ்வளவு மழை பெய்தாலும் பழையபடி அது நீரைப் பிடிக்காது. மழை நாளில் வெள்ளமாகவும், கோடையில் லாரித் தண்ணீராகவும் அந்தக் கணக்கு கீழே இருப்பவர் வாசலுக்கு வந்து சேரும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டிய மலை இது. அப்படிப்பட்ட மழையை எந்தச் சதுப்பாலும் முழுதாகத் தாங்கிவிட முடியாது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் ஓடைக்கு வழிவிட்டு நிற்கும் பள்ளத்துக்கும், மண் கொட்டி வீடு கட்டிய பள்ளத்துக்கும் அன்றைக்கு என்ன வேறுபாடு என்பதை நேரில் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

சட்டம் என்ன செய்கிறது என்று கேட்பீர்கள். 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, உங்கள் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தை வெட்டக்கூட அனுமதி வாங்க வேண்டும். சதுப்பில் மரம் கிடையாது. அதனால் அங்கே காக்கப்படுவதற்கு எதுவுமே இல்லை என்று ஆகிவிடுகிறது. வெள்ளைக்காரர் காலத்திலிருந்து சதுப்பை உறிஞ்சி வற்ற வைத்துக்கொண்டிருக்கும் கற்பூர மரத்துக்கு (யூகலிப்டஸ்) பாதுகாப்பு, சதுப்புக்கு இல்லை. 2010-இல் வந்த சதுப்புநில விதிகள், 2,500 மீட்டர் உயரத்துக்கு மேல் 5 ஹெக்டேரும் அதற்குக் கீழே 500 ஹெக்டேரும் இருக்க வேண்டும் என்று அளவு வைத்தன. நீலகிரியின் உச்சியான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான் என்றால், 1,900 மீட்டரில் இருக்கும் ஓர் அறுபது சென்ட் பள்ளம் எந்தக் கணக்கில் வரும்? 2017-இல் வந்த புதிய விதிகள் அந்த அளவுகோலைக் கைவிட்டது நல்லதுதான். ஆனால் அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் காக்கச் சொன்ன 2,01,503 சதுப்புநிலங்கள், செயற்கைக்கோள் படத்தை வைத்து எண்ணப்பட்ட, 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்டவை; அதாவது ஐந்தரை ஏக்கருக்கு மேல். நான் வேலை செய்யும் சதுப்புகளில் பாதிக்கு மேல் ஒரு ஏக்கரைக்கூடத் தொடாதவை.

கோத்தகிரியின் லாங்வுட் சோலை 2024 ஜனவரியில், உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது நானும் மகிழ்ந்தேன். 116 ஹெக்டேர் சோலை, சுற்றுவட்டார ஊர்களுக்குத் தண்ணீர் தரும் காடு. அது காப்புக்காடு; அரசு நிலம். அதன் வேலியைத் தாண்டி நூறு மீட்டர் நடந்தால் அதே ஓடை பட்டா நிலத்துக்குள் நுழைகிறது. அங்கே அதற்குப் பெயரும் இல்லை, பட்டியலும் இல்லை. (தனியார் என்றாலே அழிப்பவர், அரசு என்றாலே காப்பவர் என்று பேசுகிற நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: 1820-களில் ஜான் சல்லிவன் உண்டாக்கிய உதகை ஏரி, இன்றைய பேருந்து நிலையமும் குதிரைப் பந்தய மைதானமும் இருக்கும் இடம் வரை ஒரு காலத்தில் பரவியிருந்தது. அதை மேடாக்கியது எந்தச் சிறு விவசாயியும் அல்லர்.)

நிலத்துக்காரரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பச்சைத் தேயிலை விலை பல ஆண்டுகளாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளத்தில் வைத்த தேயிலைச் செடியின் வேர் ஈரத்தில் அழுகும். டிசம்பர், ஜனவரி உறைபனி நேராகப் பள்ளத்தில்தான் வந்து படுத்துக்கொள்ளும் என்பதால், ஒரே இரவில் கொழுந்து கருகிப் போகும். ஆகவே அந்த இடத்தால் அவருக்கு வருமானம் இல்லை. அப்போது குத்தகைக்காரர் ஒருவர் வந்து, "வடிகால் செலவு என்னுடையது, கேரட் போட்டுக்கொள்கிறேன், ஆண்டுக்கு இவ்வளவு முன்பணம்" என்கிறார். மகளின் கல்லூரிக் கட்டணம் நெருக்கும் மாதத்தில் வரும் அந்தப் பேச்சுக்கு மறுப்புச் சொல்லும்படி, மாதச் சம்பளம் வாங்கும் நான் எந்த முகத்தோடு அவரிடம் கேட்பது? கருப்பு மண்ணில் கேரட் நேராக, மினுமினுப்பாக இறங்கும் என்பதும் உண்மைதான்.

என் தவறு ஒன்றையும் இங்கே எழுத வேண்டும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில், ஒரு சிறு சதுப்பின் ஓரத்தில் பூச்சியுண்ணும் திரோசெரா செடிகள் கம்பளம் விரித்தாற்போலப் பூத்திருந்ததைப் படம் எடுத்து, ஊர்ப் பெயரோடு முகநூலில் போட்டேன். இலை முழுதும் பசைத்துளி மின்னும் அந்தச் செடியை நம் ஊரில் அழுகண்ணி என்பார்கள். மூலிகை தேடுகிறவர்களிடம் அந்தப் பெயருக்கு என்ன கவர்ச்சி உண்டு என்பதைச் சித்த மருத்துவக் கதைகளைக் கேட்டு வளர்ந்த நானே மறந்துபோனேன். இரண்டு வாரத்துக்குள் மூலிகை தேடி ஆட்கள் வந்தார்கள். பிறகு படம் எடுக்க வந்தார்கள். பிறகு, "அபூர்வச் செடி இருக்கிறதாம், பாரஸ்ட்காரர்கள் நிலத்தை எடுத்துக்கொள்ளப் போகிறார்களாம்" என்ற பேச்சு டீக்கடையில் வந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆபீசுகள் மூடியிருக்கும் நாள் பார்த்து, பொக்லைன் இறங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது அந்த அண்ணன் கோபப்படவில்லை. "நீ நல்ல பெண்தான், ஆனால் உன் படத்தால் எனக்குத் தூக்கம் போய்விட்டது" என்று மட்டும் சொன்னார். அந்த இடத்தில் இப்போது ஒரு வீட்டின் பின்சுவர் நிற்கிறது. சுவரில் மார்கழி தை மாதங்களிலும் ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது.

அதனால்தான், எல்லாச் சதுப்பையும் உடனே அளந்து அறிவிக்கை செய்துவிட வேண்டும் என்று கூட்டங்களில் பேசும் என் துறை நண்பர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. பெரிய சதுப்புகளுக்கும் அரசு நிலத்துக்கும் அது பொருந்தும். அரை ஏக்கர் பட்டாக்காரரிடம் அந்தச் சொல் போய்ச் சேரும் வேகத்தைவிட, மண் லாரி போய்ச் சேரும் வேகம் அதிகம்.

நான் இப்போது தவளையில் தொடங்குவதில்லை, கிணற்றில் தொடங்குகிறேன். துளையிட்ட பிவிசி குழாயைச் சதுப்பில் ஊன்றி, உள்ளே தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை நிலத்துக்காரரே வாரம் ஒருமுறை நாடாவை விட்டு அளக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். ஒரு குழாயைக் காட்டெருமை மிதித்து வளைத்துவிட்டது, இன்னொன்றைப் பிள்ளைகள் பிடுங்கிக்கொண்டு போனார்கள்; அதெல்லாம் நடக்கத்தான் செய்யும். பழைய வடிகால்களின் குறுக்கே கற்பூர மரக் கம்புகளை அடித்து, மண் நிரப்பிய சாக்குகளை அடுக்கி, தண்ணீரைத் தேக்குகிறோம். கல்யாண மேடைக்கு ஆகும் என்று யாரோ வளர்த்து, இப்போது பள்ளமெல்லாம் பரவிவிட்ட வெள்ளைக் காலா லில்லியைக் கிழங்கோடு தோண்டி எடுக்கிறோம். ஒரு துண்டு மிஞ்சினாலும் அடுத்த மழைக்கு மீண்டும் வரும். கோரை திரும்புவதற்கு ஆண்டுகள் ஆகும். தோடர்கள் தங்கள் கோயில் கூரையை வேய்வதற்குத் தேடும் சதுப்புப் புல் இன்று மேல்மலையின் ஒருசில இடங்களில்தான் மிஞ்சியிருக்கிறது. அதைத் தேடி அவர்கள் வெகுதூரம் நடக்க வேண்டியிருக்கிறது. புல் போனால் கூரை வேய்தலும் சடங்கும் தடைப்படும் என்பதை ஊராட்சிக் கூட்டத்தில் சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஆனால் கிணற்றைப் பற்றிப் பேசினால் மட்டுமே எழுந்து நின்று கேள்வி கேட்பார்கள்.

என் கருத்து இதுதான். சதுப்பைச் சதுப்பாகவே விட்டு வைப்பதன் பலன் ஊருக்கு, இழப்பு ஒரு குடும்பத்துக்கு. இந்தக் கணக்கைச் சரிசெய்யாமல் எத்தனை விழிப்புணர்வு முகாம் நடத்தினாலும் பள்ளங்கள் மேடாகிக்கொண்டேதான் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும் ஊரும், ஓடைத் தண்ணீரைத் தேக்கும் நகரமும், வாடகை கட்டுவதைப் போல ஆண்டுதோறும் ஒரு தொகையைச் சதுப்பு வைத்திருப்பவருக்குக் கொடுக்க வேண்டும். இது நடக்காத காரியம் அன்று. இமாசலப் பிரதேசத்தின் பாலம்பூரில், தன் குடிநீர் ஊற்றின் நீர்ப்பிடிப்பைக் காக்கும் மேட்டு ஊர்க்காரர்களுக்கு ஆண்டுத் தொகை தர அந்த ஊர் நகராட்சி 2010-இலேயே ஒப்பந்தம் போட்டது. "காசுக்காகக் காப்பது காப்பதாகுமா?" என்று மூத்த நண்பர் ஒருவர் என்னிடம் கேட்டார். எனக்கும் காசுக்காகத்தானே இந்த வேலை, ஐயா, என்றேன். அவர் சிரித்துவிட்டார், ஒப்புக்கொள்ளவில்லை. தொகை நின்றுபோனால் சதுப்பும் நின்றுபோகுமே என்ற அவருடைய அச்சம் நியாயமானது. அதனால்தான் அது ஒரு நிறுவனத்தின் மூன்றாண்டுத் திட்டப் பணமாக இருக்கக் கூடாது, தண்ணீர் வரியின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும் என்கிறேன்.

சிட்டாவை விரித்துக் காட்டிய பெரியவர் இப்போது தம் இலைக் கணக்கு நோட்டிலேயே குழாய் மட்டத்தையும் எழுதி வருகிறார். ஒரு பக்கம் அன்றைக்குப் போட்ட பச்சை இலை எத்தனை கிலோ, பக்கத்திலேயே தண்ணீர் எத்தனை விரற்கடை. போன வாரம் அந்த நோட்டைக் காட்டி, "இந்தப் பக்கத்துக்குப் பேக்டரி பணம் போடுகிறது, அந்தப் பக்கத்துக்கு யார் போடுவார்கள்?" என்று கேட்டார். அக்டோபர் 2 கிராம சபையில் அதையே கேளுங்கள் என்றேன். நோட்டை அவர் எடுத்து வருகிறார். மனுவை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பங்காளிகள் ஏழு பேரில் ஐந்து பேர் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். கோவைப் பேரன் இன்னும் தொலைபேசியை எடுக்கவில்லை.