வீடு விற்பவருக்கு மல்லிகை வாசம் எதற்கு?

போன வாரம் ஒரு நண்பர் போன் செய்தார். ஊரில் இருக்கும் வீட்டை விற்கப் போகிறாராம், பார்க்க வருகிறவர்களுக்காக எந்த ரூம் ஃபிரஷ்னர் வாங்கி வைக்கலாம் என்று கேட்டார். எதுவும் வேண்டாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நான் பட்டதைப் போனில் முழுசாகச் சொல்லவும் முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் அப்பா கட்டிய வீடு. தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களை ஒட்டி இருக்கிறது. அப்பா போனபின் எட்டு மாதம் பூட்டிக் கிடந்தது. விற்பதென்று முடிவானதும் புரோக்கர் ஒரு தடவை வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "உள்ள வந்ததும் ஒரு நல்ல வாசம் அடிச்சுதுன்னா ஆளுங்க மனசு எளகிப்போயிருமுங்க" என்றார். நானும் கேட்டுக்கொண்டேன். பிளக்கில் செருகுகிற மல்லிகை இரண்டு, பாத்ரூமுக்கு எலுமிச்சை ஒன்று. போதாததற்கு அன்றைக்குக் காலையில் சாம்பிராணி வேறு போட்டேன்.

திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர், மகன், மருமகள், இடுப்பில் ஒரு குழந்தை. முன்கூடத்து ஆசாரத்தைத் தாண்டுவதற்குள் அந்தப் பெண் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். "மாமா, எனக்குத் தலை வலிக்குதுங்க. நான் வெளியவே இருக்கறனுங்க" என்று குழந்தையோடு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டாள். பெரியவர் மட்டும் அறை அறையாகப் பார்த்தார். கடைசியில் என்னிடம், "தப்பா நெனைக்காதீங்க தம்பி. எழவு வீட்டுக்குள்ள வந்தாப்பல இருக்குதுங்க" என்றார்.

சுருக்கென்றது. ஆனால் அவர் சொன்னது சரிதான். மல்லிகையும் சாம்பிராணியும் மூடிய அறையும் ஒன்றுசேர்ந்தால் நம் ஊரில் யாருக்கும் வேறென்ன நினைவு வரும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருந்துறையிலிருந்து அக்காவை வரச்சொன்னேன். நம் வீட்டு வாசம் நமக்குத் தெரியாது. ஒரே வாசத்தில் கொஞ்ச நேரம் இருந்தாலே மூக்கு பழகிப்போய், அதைச் சொல்வதை நிறுத்திவிடும். அக்காவுக்கு அந்தப் பழக்கம் விட்டு இருபது வருஷமாகிறது. கதவைத் திறந்ததும், "டேய், இத்தனையையும் மொதல்ல புடுங்கிப் போடுடா" என்றாள். பிளக்கைப் பிடுங்கி, ஜன்னலையெல்லாம் திறந்துவிட்டு, கொல்லைப்புறப் பொடக்காலியில் உட்கார்ந்து ஒரு காப்பி குடித்துவிட்டு மறுபடி உள்ளே போனோம். அப்போதுதான் வீட்டின் உண்மையான வாசம் வந்தது.

முதல் குற்றவாளி அம்மாவின் பீரோ. புடவை மடிப்புக்குள் எல்லாம் பாச்சை உருண்டை. அது நாப்தலின். கரைந்து ஒழுகாது, கட்டியாக இருந்தபடியே ஆவியாகி அறை முழுக்கப் பரவும். வாசம் மட்டும் என்றால் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறந்த குழந்தைகளுக்கு, பாச்சை உருண்டை போட்டு வைத்த துணியைப் போர்த்தினாலே சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை வரை போகலாம். அந்தக் குழந்தையை வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று என்று அப்புறம்தான் தோன்றியது.

பாத்ரூமில் சாக்கடை நாற்றம். குழாய் எங்கோ உடைந்துவிட்டது, பெரிய செலவு என்று பயந்திருந்தேன். விஷயம் ஒரு மக்குத் தண்ணீர். தரையில் தண்ணீர் போகும் துளைக்குக் கீழே வளைவு ஒன்று இருக்கிறது. அதில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை வாயுவை மேலே வராமல் தடுக்கிறது. எட்டு மாதம் புழங்காத வீட்டில் அது வற்றிவிட்டது. தண்ணீரை ஊற்றி, சீக்கிரம் வற்றாமலிருக்க மேலே ஒரு கரண்டி எண்ணெயும் விட்டோம். அன்று சாயங்காலமே நாற்றம் போய்விட்டது. எலுமிச்சைக்குக் கொடுத்த காசு தண்டம்.

சமையலறையில் வாசனை மாட்டுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சமையல் காஸுக்குத் தனியாகச் சொல்லும்படி வாசம் கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைக் கலந்து அனுப்புகிறார்கள். காவலுக்கு வைத்த நாற்றத்தின் மேல் மல்லிகையைப் போர்த்தி என்ன சாதிக்கப் போகிறோம்?

மேற்குச் சுவர்தான் பெரிய சங்கதி. வாய்க்காலில் தண்ணீர் விட்டால் அந்தச் சுவர் ஓதம் ஏறும், உப்புப் பூக்கும், பூஞ்சை வாசம் வரும். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அந்த அறையில் ஒரு மல்லிகையைச் செருகினேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டம், 55ஆம் பிரிவு: விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணமாகப் பார்த்தால் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை இருந்தால் விற்பவர் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரியாத குறையை மூக்கு கண்டுபிடித்துவிடுமே என்று மூக்கையும் அடைக்கப் பார்த்திருக்கிறேன். பூச்சைக் கொத்தி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, சுண்ணாம்பு அடித்தோம். அதுவும் நிரந்தரத் தீர்வில்லை, வாய்க்கால் இருக்கிற வரை ஓதம் இருக்கும். வருகிறவர்களிடம் அதையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தோம்.

பின்கட்டில் மஞ்சள் மூட்டை அடுக்கின அறை ஒன்று உண்டு. மூட்டை போய்ப் பல வருஷமாகியும் மழைக்காலத்தில் சுவரே மணக்கும். அதை மட்டும் அக்கா தொடவிடவில்லை. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது, எங்கள் சுவருக்கு அதற்கு முன்பே கிடைத்திருக்க வேண்டும் என்று சிரித்தாள்.

இதற்கு நடுவில் இன்னொரு கூட்டம் பார்க்க வருவதாக இருந்தது. வருவதற்கு முன்பே புரோக்கரிடம் கேட்டார்களாம், "அவங்க கவிச்சி சமைக்கறவங்களா?" கருவாட்டு வாசம் சுவரில் ஊறியிருக்குமாம். நாலு நாள் ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பங்கரையைக் கழுவி விட்டால் எந்தக் கருவாடும் நிற்காது. அவர்கள் மோந்து பார்க்க நினைத்தது கருவாட்டை இல்லை, நாங்கள் என்ன ஆளுங்க என்பதை. வீசிங் இருக்கிறவருக்காகவும் ஒற்றைத் தலைவலிக்காரருக்காகவும் நான் சாம்பிராணியைக்கூட நிறுத்துவேன், அது உடம்பு சொல்வது. இந்த மூக்குக்கு நான் எதையும் கழுவ மாட்டேன். வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புரோக்கருக்கு வருத்தம்தான்.

திருப்பூர்க் குடும்பத்தை மறுபடி கூப்பிட்டோம். இந்தத் தடவை வெறும் வீடு, திறந்த ஜன்னல், வயக்காற்று. மருமகள் முதல் ஆளாக உள்ளே போய், பின்கட்டு வரைக்கும் நடந்துவிட்டு வந்தாள். மேற்குச் சுவரைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். பெரியவர் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். அதற்காக ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார், குறைத்தேன்.

கிரயம் முடிந்த அன்று புரோக்கர் கமிஷனை எண்ணி வாங்கிக்கொண்டு, "நாஞ் சொன்னனில்லீங்க, அந்த மல்லிகை வாசத்துக்குத்தான் மறுபடி தேடி வந்தாங்க" என்றார்.