பென்சில்வேனியா குவேக்கர்களும் அடிமை முறையும்: ஒரு திருத்தம்

"பென்சில்வேனியா குவேக்கர்கள் வந்த நாளிலிருந்தே அடிமை முறையை எதிர்த்தார்கள்" என்று அந்தக் கிறிஸ்தவச் சபையினரைப் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. அமெரிக்காவில் அந்தக் குடியேற்றத்தை நிறுவிய குவேக்கரான வில்லியம் பென்னே அடிமைகளை வைத்திருந்தவர்.

எதிர்ப்புக் குரல் சீக்கிரமே எழுந்தது உண்மைதான். 1688-இல் அங்குள்ள ஜெர்மன்டவுன் ஊர்க்காரர்கள் நான்கு பேர் கையெழுத்திட்டு அடிமை முறைக்கு எதிராக ஒரு மனு கொடுத்தார்கள். குவேக்கர் சபையின் மாதக் கூட்டம் அதைத் தனக்கு மேலான காலாண்டுக் கூட்டத்துக்குத் தள்ளியது. அங்கிருந்து பர்லிங்டனில் கூடிய ஆண்டுக் கூட்டத்துக்குப் போனது. அங்கே கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

அப்புறம் பெஞ்சமின் லே என்ற குவேக்கர். 1738-இல் அதே பர்லிங்டனில், உள்ளே குடைந்த புத்தகத்தில் சிவப்புப் பழச்சாறு நிரப்பிய பையை ஒளித்துவைத்து வாளால் குத்தினார். சாறு ரத்தம்போல, அடிமைகளை வைத்திருந்தவர்கள் மேல் தெறித்தது. அவரைச் சபையிலிருந்தே விலக்கிவிட்டார்கள்! முதல் நாளிலிருந்தே சபை எதிர்த்தது என்றால், சொந்தச் சபையோடு மல்லுக்கட்டிய இந்த மனிதரை எங்கே வைப்பது? ஊர் ஊராகப் போய்ச் சக குவேக்கர்களிடம் பேசிப் பேசியே மனம் மாற்றிய ஜான் உல்மனை எங்கே வைப்பது?

அடிமைகளை விடுவிக்க மறுக்கும் உறுப்பினர்களை நீக்குவது என்று பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் முடிவெடுத்தது 1776-இல்தான். மனு கொடுத்து 88 ஆண்டுகள் கழித்து.