பீட்டில்ஸ் பாடல்களைப் பிறர் பாடும்போது

ஆங்கிலேய ராக் இசைக்குழுவான பீட்டில்ஸின் பாடல்களை யார் பாடினாலும் அசலுக்கு ஈடாகாது என்று சாதிப்பவர்களோடு எனக்கு நெடுநாளாகப் பிணக்கு உண்டு. அந்தக் குழுவே பிறர் பாடல்களைப் பாடி வளர்ந்ததுதான். 1963-இல் வெளிவந்த அவர்களுடைய முதல் ஆல்பத்தின் 14 பாடல்களில் 6 மற்றவர்களுடையவை. குழுவின் ஜான் லெனன் தொண்டை கிழியப் பாடிய ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’ முந்தைய ஆண்டே ஐஸ்லி பிரதர்ஸ் என்ற அமெரிக்கக் குழு பாடிப் பிரபலமாகியிருந்தது.

அசலை அச்சு அசலாகப் பாடிக்காட்டுவதில் எனக்கு ஆர்வமில்லை. பாடலுக்குள் இருப்பவர் யார், அவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பதைப் பாடகர் புதிதாகத் தீர்மானித்திருக்கிறாரா என்றே கவனிப்பேன். ‘வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்’ பாடலை பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் தம் குரலின் எல்லைக்குள், உல்லாசமாக நடைபோட்டுக்கொண்டே பாடுகிறார். நண்பர்கள் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்வார். 1968-இல் ஆங்கிலேயப் பாடகர் ஜோ காக்கர் அதையே மூன்று மூன்றாக அசையும் மந்தமான தாளத்துக்கு மாற்றி, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டினார். கேள்விகளைப் பெண்குரல்கள் கேட்கின்றன. பதில் சொல்பவரோ, அந்த நண்பர்கள் இல்லாவிட்டால் இன்றிரவைத் தாண்டமாட்டார் என்று தோன்றும்படி கதறுகிறார். சொற்கள் ஏறத்தாழ அவையேதான், ஆனால் பாடல் வேறு. இதற்காகத் தாம் என்றும் நன்றியுள்ளவர் என்று, லெனனோடு சேர்ந்து அதை எழுதிய பீட்டில்ஸ் உறுப்பினர் பால் மெக்கார்ட்னியே சொன்னார்.

அமெரிக்க சோல் இசைப் பாடகி அரீத்தா ஃபிராங்ளின் செய்தது இதைவிடத் துணிச்சலானது. ‘எலினார் ரிக்பி’ அசலில் எட்டுத் தந்தி வாத்தியங்களின் பின்னணியில், திருமணம் முடிந்த தேவாலயத்தில் சிதறிய அரிசியைப் பொறுக்கும் ஒரு பெண்ணை மெக்கார்ட்னி சற்றுத் தள்ளி நின்று பார்க்கிறார். அரீத்தா தொடக்கத்திலேயே ‘நான்தான் எலினார் ரிக்பி’ என்று பாடிவிடுகிறார். போதகரின் மகளாகத் தேவாலயத்திலேயே பாடி வளர்ந்தவருக்கு அந்த இடத்தை வெளியிலிருந்து பார்க்கத் தேவையில்லை போலும். பரிதாபத்துக்குரியவளாக இருந்தவள் வேகமான தாளத்தில் நிமிர்ந்து நின்று பேசுகிறாள்.

பீட்டில்ஸ் பாடல்களை வைத்தே எடுத்து, பீ ஜீஸ் குழுவினரும் பாடகர் பீட்டர் ஃபிராம்ப்டனும் நடித்த 1978-ஆம் ஆண்டுப் படத்தில் பெரும்பாலான பாடல்களுக்கு இப்படியொரு தீர்மானமே கிடையாது. ‘எர்த், விண்ட் அண்ட் ஃபயர்’ குழு பாடியதை மட்டும் விதிவிலக்காகச் சொல்வேன்.

என்னைக் குழப்புவது பியான்சே 2024-இல் பாடிய ‘பிளாக்பேர்ட்’. அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை மனத்தில் வைத்து எழுதியதாக மெக்கார்ட்னி கூறிவந்த பாடல் அது. நான்கு கறுப்பினக் கன்ட்ரி (அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் இசை) பாடகிகளைச் சேர்த்துக்கொண்டு பியான்சே அதைப் பாடியபோது, யாரைப் பற்றிய பாடலோ அவர்களுடைய குரலிலேயே அது ஒலித்தது. ஆனால் அடியில் ஓடுவது 1968-இல் பதிவான மெக்கார்ட்னியின் அதே கிட்டார், அதே கால்தட்டல். குரல்களின் அடுக்கு எவ்வளவு அழகாக இருந்தாலும், அந்தக் கிட்டார் ஒலித்ததும் என் காது மெக்கார்ட்னியின் குரலைத்தான் தேடுகிறது. ஆகவே இதைக் காக்கர், அரீத்தா வரிசையில் வைக்க இன்னும் மனம் வரவில்லை.